பல்ஸ்ஆடியோ டீமன்: டீமன்.கான்ஃப் கோப்பை மாற்றிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை, ஒலியின் தொடக்கமும் வெட்டுப்படுகிறது

இரவுக்குயில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் கணினி ஒன்றில் பல்ஸ்ஆடியோ ஒலிச் சேவையகத்தை (பின்னணியில் ஓடும் அதன் நிரலே டீமன்) அமைத்து வருகிறேன். கணினியில் தாய்ப்பலகையோடு சேர்ந்த உள் ஒலியட்டையும், யூஎஸ்பி வழியாக இணைத்த டிஏசி (எண்ணிம ஒலியை ஒப்புமை ஒலியாக மாற்றும் கருவி) ஒன்றும் உள்ளன. ஒலிபெருக்கிகள் உள் அட்டையிலும் ஹெட்ஃபோன் டிஏசியிலும் இணைந்திருக்கின்றன. எனக்கு இருக்கும் சிக்கல்கள் மூன்று. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவையா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

முதலாவது, பெரிய நிரல் ஒன்றைத் தொகுக்கும்போது, அதாவது செயலியின் எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடும்போது, உள் அட்டையிலிருந்து வரும் இசையில் பொரிவது போன்ற இரைச்சல் எழுகிறது. தொகுப்பு முடிந்ததும் இரைச்சலும் மறைந்துவிடுகிறது. இரண்டாவது, டிஏசி சிறிது நேரம் சும்மா இருந்த பிறகு எதையாவது ஒலிக்கவிட்டால் தொடக்கத்தில் அரை விநாடி அளவு காணாமல் போகிறது. அஞ்சல் வந்ததை அறிவிக்கும் சிறு மணியொலி பல நேரங்களில் கேட்பதே இல்லை. மூன்றாவது, என்னிடம் உள்ள பாடல்களில் பெரும்பாலானவை 44100 ஹெர்ட்ஸ், காணொளிகள் 48000 ஹெர்ட்ஸ். டிஏசி இரண்டையும் ஏற்கும் என்பதால் தேவையற்ற சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற வீதம்) மாற்றத்தைத் தவிர்க்க விரும்புகிறேன்.

இரைச்சலுக்குத் தீர்வாக இணையத்தில் பல இடங்களில் ஒரே அறிவுரையைக் கண்டேன். அதன்படி /இடிசி/பல்ஸ்/டீமன்.கான்ஃப் கோப்பில் கீழ்க்கண்ட வரிகளைச் சேர்த்து, டீமனை மீண்டும் தொடங்கினேன்.

டிஃபால்ட்-ஃபிராக்மென்ட்ஸ் = 8
டிஃபால்ட்-ஃபிராக்மென்ட்-சைஸ்-எம்செக் = 10

எந்த வேறுபாடும் தெரியவில்லை. டீமன் இந்தக் கோப்பைப் படிக்கவே இல்லையா, அல்லது படித்தும் பயன்படுத்தவில்லையா என்று எப்படிக் கண்டறிவது? எந்தக் கோப்பில் எதை மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கர்னல்வாசி (மறுமொழி)

வணக்கம். மூன்று சிக்கல்களுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் அவற்றுக்குள் போகும் முன், உங்கள் கணினியில் ஓடுவது உண்மையில் பல்ஸ்ஆடியோதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் பைப்வயர்தான் ஒலிச் சேவையகம். பழைய நிரல்கள் தடையின்றி இயங்குவதற்காக அது பல்ஸ்ஆடியோவின் நெறிமுறையையும் பேசுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பல்ஸ்ஆடியோ போலவே தோன்றும், ஒலிக் கட்டுப்பாட்டுச் சாளரமும் அதே சாளரமாக இருக்கும். ஆயினும் டீமன்.கான்ஃப் கோப்பை அது திரும்பியும் பார்ப்பதில்லை. "மாற்றினேன், எதுவும் நடக்கவில்லை" என்று வரும் முறையீடுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முனையத்தில் "பிஏசிடிஎல் இன்ஃபோ" என்ற கட்டளையை இட்டு, சர்வர் நேம் என்ற வரியைப் பாருங்கள். அங்கே பல்ஸ்ஆடியோ என்ற பெயர் மட்டும் இருந்தால் அது அசல். பைப்வயரின் மீது இயங்கும் பல்ஸ்ஆடியோ என்று இருந்தால், நீங்கள் திருத்த வேண்டிய கோப்புகளே வேறு.

அசல் பல்ஸ்ஆடியோ என்றால், "பல்ஸ்ஆடியோ --டம்ப்-கான்ஃப்" என்ற கட்டளை உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தரும். எந்தக் கோப்பிலிருந்து அமைப்புகள் படிக்கப்பட்டன என்பதை அது முதலில் அச்சிட்டு, பிறகு நடைமுறைக்கு வரும் மதிப்புகள் ஒவ்வொன்றையும் காட்டும். நீங்கள் எழுதிய 8, 10 ஆகியவை அங்கே தென்படவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, உங்கள் இல்ல அடைவில் ~/.கான்ஃபிக்/பல்ஸ்/டீமன்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறதா என்பது. இருந்தால் அது மட்டுமே படிக்கப்படும், /இடிசியில் உள்ளது கைவிடப்படும். இரண்டும் ஒன்றாகக் கலக்கப்படும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். மற்றொன்று, வரியின் தொடக்கத்தில் உள்ள அரைப்புள்ளி. இந்தக் கோப்பு நிறுவப்படும்போது எல்லா இயல்பு மதிப்புகளும் அரைப்புள்ளியிட்ட குறிப்புகளாகவே வருகின்றன. எண்ணை மாற்றிவிட்டு அரைப்புள்ளியை நீக்காமல் விட்டால் அந்த வரி வெறும் குறிப்பாகவே இருக்கும்.

கோப்புகளின் ஒழுங்கு இதுதான். டீமன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை டீமன்.கான்ஃப் சொல்கிறது, எந்தெந்த மாட்யூல்களை (டீமனோடு சேரும் கூடுதல் செயல்பாட்டுப் பகுதிகளை) ஏற்ற வேண்டும் என்பதை டிஃபால்ட்.பிஏ சொல்கிறது, நிரல்கள் டீமனை எங்கே தேட வேண்டும் என்பதை கிளையண்ட்.கான்ஃப் சொல்கிறது. முதலாவதற்கு டீமன்.கான்ஃப்.டி என்ற துணை அடைவும் உண்டு. அதில் தனிக் கோப்பாக உங்கள் மாற்றங்களை வைத்தால், பல்ஸ்ஆடியோவின் நிறுவல் தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது மூலக் கோப்போடு மோதல் வராது.

இரவுக்குயில்

விரைவான மறுமொழிக்கு நன்றி. சர்வர் நேம் வரியில் பல்ஸ்ஆடியோ என்று மட்டுமே உள்ளது, பதிப்பு 16.1. டம்ப்-கான்ஃப் கட்டளை /இடிசியில் உள்ள கோப்பையே படித்ததாகச் சொல்கிறது, 8, 10 என்ற மதிப்புகளையும் காட்டுகிறது. ஆகவே கோப்பு படிக்கப்படுகிறது, ஆனால் பயன் இல்லை.

டீமனை நிறுத்திவிட்டு முனையத்தில் விரிவான பதிவுகளோடு இயக்கிப் பார்த்தேன். இரைச்சல் எழும் நேரத்தில் விழித்தெழும் வரம்பைக் கூட்டுவதாக ஒரு செய்தி அடுத்தடுத்து வருகிறது. அதோடு, சாதனத்தில் எழுதுமாறு ஆல்சா (லினக்ஸின் மையமான கர்னலில் உள்ள ஒலி அமைப்பு) எழுப்பியது, ஆனால் எழுதுவதற்கு உண்மையில் எதுவும் இல்லை, இது பெரும்பாலும் இயக்கியின் பிழையாக இருக்கலாம் என்ற பொருளில் ஒரு நீண்ட செய்தியும் வருகிறது.

அலைநீளம் (மறுமொழி)

அந்த இரண்டு செய்திகளும் காரணத்தை ஏறத்தாழச் சுட்டிக்காட்டிவிட்டன. ஃபிராக்மென்ட் மதிப்புகள் ஏன் பயனற்றுப் போயின என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறையில் ஒலியட்டையின் பஃபர் (ஒலிக்கும் முன் ஒலித்தரவு காத்திருக்கும் நினைவகப் பகுதி) சம அளவுள்ள சில துண்டுகளாகப் பிரிக்கப்படும். அட்டை ஒரு துண்டை வாசித்து முடித்ததும் குறுக்கீடு (செயலியை அழைக்கும் சைகை) ஒன்றை எழுப்பும், சேவையகம் விழித்து அடுத்த துண்டை நிரப்பும். இந்தத் துண்டுகளைத்தான் ஃபிராக்மென்ட் என்கிறோம். 2008இல் வெளியான 0.9.11 பதிப்பிலிருந்து பல்ஸ்ஆடியோ வேறொரு முறைக்கு மாறியது. அட்டையின் குறுக்கீட்டை நம்பாமல், வன்பொருள் இடங்கொடுத்தால் இரண்டு விநாடி வரையிலான பெரிய பஃபரை ஒரேயடியாக நிரப்பிவிட்டு, அது தீர்வதற்குச் சற்று முன்னதாகத் தன்னை எழுப்புமாறு கணினியின் கடிகாரத்திடம் சொல்லிவிட்டு உறங்கிவிடும். இடையில் புதிய ஒலி ஒன்று வந்தால் ஏற்கெனவே எழுதியதைப் பின்னோக்கித் திரும்பி மாற்றி எழுதும். செயலி அடிக்கடி விழிக்க வேண்டியதில்லை என்பதால் மின்சாரம் மிச்சமாகிறது, அதே வேளையில் தாமதமும் தேவைக்கேற்பக் குறைகிறது. மிக நேர்த்தியான ஏற்பாடு என்பதே என் கருத்து.

ஆனால் இது முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: அட்டை இப்போது பஃபரின் எந்த இடத்தை வாசிக்கிறது என்பதை இயக்கி துல்லியமாகச் சொல்ல வேண்டும். சொல்லும் இடம் சற்றுத் தவறினாலும் டீமன் தாமதமாக விழிக்கும், அதற்குள் பஃபர் வெறுமையாகிவிடும், நீங்கள் பொரியும் ஒலியைக் கேட்பீர்கள். அப்படி நேரும்போதெல்லாம் டீமன் தன் எச்சரிக்கை வரம்பை உயர்த்தி, அடுத்த முறை இன்னும் முன்னதாக விழிக்கப் பார்க்கும். இந்த வரம்பு 20 மில்லி விநாடியில் தொடங்கி, தேவைப்படத் தேவைப்பட ஏறும். நீங்கள் கண்ட முதல் செய்தி அதுதான். இரண்டாவது செய்தி, இயக்கி தரும் தகவலோடு கணக்கு ஒத்துப்போகவில்லை என்று டீமன் புலம்புவது.

இப்போது உங்கள் வரிகளுக்கு வருவோம். டிஃபால்ட்-ஃபிராக்மென்ட்ஸ், டிஃபால்ட்-ஃபிராக்மென்ட்-சைஸ்-எம்செக் ஆகிய இரண்டும் பழைய முறைக்கு மட்டுமே உரியவை. கடிகார முறை நடப்பில் இருக்கும்வரை டீமன் அவற்றைப் படித்து வைத்துக்கொள்ளுமே தவிரப் பயன்படுத்தாது. இணையத்தில் அந்த அறிவுரையை எழுதுபவர்களில் பலர் இந்த நிபந்தனையைச் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இயல்பு மதிப்பு 25 மில்லி விநாடி கொண்ட 4 துண்டுகள், மொத்தம் 100 மில்லி விநாடி. நீங்கள் எழுதியதோ 10 கொண்ட 8, மொத்தம் 80. இரைச்சலைக் குறைப்பதற்கென்று பரப்பப்படும் இந்த மதிப்புகள் நடைமுறைக்கு வந்திருந்தால் உங்கள் பஃபர் குறைந்திருக்கும், டீமனும் ஒவ்வொரு துண்டுக்கும் விநாடிக்கு 40 முறைக்குப் பதிலாக 100 முறை விழிக்க வேண்டியிருந்திருக்கும். ஏற்கெனவே செயலி திணறும் கணினிக்கு இது உதவி அன்று.

ஆகவே அந்த இரண்டு வரிகளையும் முதலில் நீக்கிவிடுங்கள். பிறகு /இடிசி/பல்ஸ்/டிஃபால்ட்.பிஏ கோப்பில் உள்ள

லோடு-மாட்யூல் மாட்யூல்-யூடெவ்-டிடெக்ட்

என்ற வரியை இப்படி மாற்றுங்கள்:

லோடு-மாட்யூல் மாட்யூல்-யூடெவ்-டிடெக்ட் டிஷெட்=0

கடிகார முறை அணைந்து, துண்டு முறைக்கு டீமன் திரும்பிவிடும். மாற்றம் நடந்ததா என்பதைக் காதால் ஊகிக்க வேண்டியதில்லை. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது /ப்ராக்/அசவுண்ட் அடைவில் அந்த அட்டைக்குரிய எச்டபிள்யூ_பேராம்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். வீதம் 48000 ஆக இருந்தால் பீரியட்_சைஸ் (ஒரு துண்டின் அளவு) 1200 ஃபிரேம் அளவிலும் பஃபர்_சைஸ் 4800 அளவிலும் இருக்க வேண்டும், ஏனெனில் 25 மில்லி விநாடிக்கு அவ்வளவுதான் கணக்கு. 44100இல் கணக்கு 1102.5 என்று பின்னத்தில் முடிகிறது. எனவே அங்கே எண்கள் சற்று முன்பின்னாக இருந்தால் கலங்க வேண்டாம், சில அட்டைகள் தம் வசதிக்கேற்ற அளவுக்கு முழுமையாக்கிக்கொள்வதும் உண்டு.

இதற்கு ஒரு விலை உண்டு. டிஷெட்=0 கணினியில் உள்ள எல்லா அட்டைகளுக்கும் பொருந்தும், உங்கள் டிஏசி உட்பட. மடிக்கணினியாக இருந்தால் மின்கலமும் சற்று விரைவாகக் கரையும். மேசைக் கணினியில் இது பொருட்படுத்த வேண்டிய அளவு அன்று.

அதன் பிறகும் தொகுப்பின்போது இரைச்சல் எழுந்தால், பதிவில் நிகழ்நேர முன்னுரிமை (மற்ற நிரல்களுக்கு முன்னால் செயலியைப் பெறும் உரிமை) பற்றிய வரியைத் தேடுங்கள். டீமனின் ஒலி வெளியீட்டு இழைக்கு 5 என்ற முன்னுரிமை கிடைத்தது என்று இருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்று இருந்தால், அந்த அனுமதியை வழங்கும் ஆர்டிகிட் என்ற சேவை நிறுவப்படவில்லை அல்லது ஓடவில்லை என்று பொருள். அது இல்லாத கணினியில் டீமன் உங்கள் தொகுப்பியோடு சமமாக வரிசையில் நின்று செயலிக்காகக் காத்திருக்கும். அந்த நிலையில் எந்தப் பஃபர் அளவும் கைகொடுக்காது.

கர்னல்வாசி

அலைநீளம் அவர்களின் விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். டிஏசியின் தொடக்கத் துண்டிப்பைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், அது வேறு கதை.

இயல்பு அமைப்பில் மாட்யூல்-சஸ்பெண்ட்-ஆன்-ஐடில் என்ற மாட்யூல் ஏற்றப்படுகிறது. ஒரு சாதனத்தில் 5 விநாடிகளுக்கு எந்த ஒலியும் ஓடவில்லை என்றால் அது சாதனத்தை மூடிவிடுகிறது. மறுபடி ஒலி வரும்போது சாதனம் மீண்டும் திறக்கப்படுகிறது, டிஏசி தன் கடிகாரத்தை நிலைப்படுத்திக்கொண்டு வெளியீட்டின் வாயடைப்பை (மியூட்) விலக்குகிறது. அதற்குள் டீமன் அனுப்பிய ஒலியின் முற்பகுதி வீணாகிவிடுகிறது. மணியொலி போன்ற சிறியவை முழுவதுமே அந்த இடைவெளியில் விழுந்துவிடும்.

எந்தக் கோப்பையும் தொடாமல் இதைச் சோதிக்கலாம். "பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ்" என்று இட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வரி வரும், வரியின் கடைசியில் ரன்னிங், ஐடில், சஸ்பெண்டெட் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். பாட்டை நிறுத்திவிட்டு இதே கட்டளையை மீண்டும் மீண்டும் இட்டால், ஐடில் என்று இருந்தது சஸ்பெண்டெட் ஆவதைக் கண்ணாலேயே காணலாம். பிறகு "பிஏசிடிஎல் அன்லோடு-மாட்யூல் மாட்யூல்-சஸ்பெண்ட்-ஆன்-ஐடில்" என்று இட்டு, ஓடும் டீமனிலிருந்தே அந்த மாட்யூலை இறக்கிவிட்டு மணியொலியைச் சோதியுங்கள். துண்டிப்பு நின்றால் காரணம் உறுதி.

நிலையாக்குவதற்கு டிஃபால்ட்.பிஏ கோப்பில் அந்த மாட்யூலை ஏற்றும் வரியின் முன் ஒரு எண் குறி (#) இட்டால் போதும். முழுவதும் நீக்க மனமில்லை என்றால் அதே வரியில் டைம்அவுட்=600 என்று சேர்த்துப் பத்து நிமிடம் அவகாசம் தரலாம். நீக்கினால், ஒலி இல்லாத நேரத்திலும் டீமன் சாதனத்துக்கு மௌனத்தை எழுதிக்கொண்டே இருக்கும். செயலியில் அது மிகச் சிறிய சுமைதான், டிஏசி மட்டும் எப்போதும் விழித்திருக்கும்.

இந்த மாற்றங்களை உங்கள் கணக்குக்கு மட்டும் செய்ய விரும்பி, ~/.கான்ஃபிக்/பல்ஸ்/டிஃபால்ட்.பிஏ என்ற கோப்பை உருவாக்கினால், முதல் வரியில் .இன்க்ளூட் என்று இட்டு /இடிசியில் உள்ள மூலக் கோப்பின் பாதையைத் தந்துவிட்டு, அதன் கீழே உங்கள் வரிகளை எழுதுங்கள். அந்த முதல் வரி இல்லாமல் போனால் மூலக் கோப்பு படிக்கப்படாது, உங்கள் வரிகள் ஏற்றுபவை தவிர எந்த மாட்யூலும் இராது, ஒன்றுமே இல்லை என்றால் மாட்யூல்களே இல்லாமல் இயங்க மறுக்கிறேன் என்று சொல்லி டீமன் நின்றுவிடும்.

உள் அட்டையிலும் ஒலி தொடங்கும்போது "டப்" என்ற சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் டீமனின் வேலை அன்று, கர்னலின் மின் சேமிப்பு. எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் இயக்கியின் பவர்_சேவ் மதிப்பை 0 ஆக்கிப் பாருங்கள்.

பழையமுனையம் (மறுமொழி)

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. பைப்வயருக்கு மாறிவிட்டால் போதுமே. ஃபெடோரா 2021இல் வெளியிட்ட 34ஆம் பதிப்பிலேயே அதை இயல்பாக்கிவிட்டது, பைப்வயரின் 1.0 பதிப்பும் 2023இல் வந்துவிட்டது. பல்ஸ்ஆடியோவை இன்று புதிதாகச் செதுக்கிக்கொண்டிருப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

அலைநீளம்

மாறுவது நல்ல யோசனைதான், நானும் ஒரு கணினியில் மாறியிருக்கிறேன். ஆனால் இங்கே கேட்கப்பட்ட சிக்கல்களில் இரண்டு மாறியவுடன் தாமாகத் தீர்ந்துவிடா. சும்மா இருக்கும் சாதனத்தை 5 விநாடியில் உறங்கவைக்கும் பழக்கம் பைப்வயரோடு வரும், அதன் சாதனங்களை நிர்வகிக்கும் வயர்பிளம்பருக்கும் உண்டு. அங்கே அதை செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்ற பண்பை 0 ஆக்கி அணைக்க வேண்டும். சாம்பிள் ரேட்டும் அப்படியே: இயல்பில் 48000 மட்டுமே அனுமதிக்கப்படுகிறது, 44100ஐயும் அனுமதிக்க டிஃபால்ட்.கிளாக்.அலௌட்-ரேட்ஸ் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். ஆக, கோப்பின் பெயர்தான் மாறும். மாறுவது என்று முடிவெடுத்தால், பல்ஸ்ஆடியோவின் சேவையையும் சாக்கெட்டையும் (நிரல்கள் அதோடு இணையும் வாயில்) சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் முழுவதுமாக முடக்கிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு சேவையகங்கள் ஒரே அட்டைக்குப் போட்டியிட்டால் எது முதலில் எழுந்ததோ அதற்கே அட்டை கிடைக்கும், மற்றதில் வெளியீடே தென்படாது.

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை தரவில்லை. பல்ஸ்ஆடியோவில் டிஃபால்ட்-சாம்பிள்-ரேட் 44100, ஆல்டர்நேட்-சாம்பிள்-ரேட் 48000 என்பது இயல்பு. வரும் ஒலி இரண்டாவது வீதத்தோடு பொருந்தினால், அந்த நேரத்தில் வேறெதுவும் ஓடாமல் இருந்தால், டீமன் சாதனத்தையே 48000க்கு மாற்றிவிடும். 11.0 பதிப்பிலிருந்து அவாய்ட்-ரீசாம்ப்ளிங் என்ற அமைப்பும் உண்டு. டீமன்.கான்ஃபில் அதற்கு எஸ் என்று தந்தால், வன்பொருள் ஏற்கும் எந்த வீதத்தையும் ஒலியின் சொந்த வீதத்திலேயே அனுப்ப முயலும். 96000 ஹெர்ட்ஸ் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும்.

இரண்டிலும் உள்ள வரம்பு ஒன்றே. ஏதேனும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது வீதம் மாறாது. பின்னால் ஒரு உலாவித் தாவல் 48000இல் மௌனமான காணொளி ஒன்றைத் திறந்து வைத்திருந்தாலும், அடுத்து வரும் உங்கள் 44100 பாடல் மாற்றியமைக்கப்பட்டே அனுப்பப்படும். "அமைப்பைச் செய்தேன், சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்யவில்லை" என்ற குழப்பத்துக்கு இதுவே காரணம். நான் முன்பு சொன்ன எச்டபிள்யூ_பேராம்ஸ் கோப்பில் ரேட் என்ற வரியைப் பார்த்தால் உண்மை நிலை தெரியும். சாதனம் மூடப்பட்டிருந்தால் அதில் குளோஸ்ட் என்ற ஒரே சொல் இருக்கும்.

மாற்றியமைப்பு நேர்ந்தாலும் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரீசாம்பிள்-மெத்தட் இயல்பாக ஸ்பீக்ஸ்-ஃப்ளோட்-1. அதை 5 ஆக உயர்த்தினால் செயலியின் வேலை கூடும், தரமும் கூடும். 10 வரை போகலாம், ஆனால் தொகுப்பின்போதே திணறும் கணினியில் அந்தத் திசையில் நான் போகமாட்டேன்.

இரவுக்குயில்

டிஷெட்=0 இட்டதும் இரைச்சல் பெருமளவு நின்றுவிட்டது. எஞ்சியிருந்ததற்குக் காரணம் நீங்கள் சொன்ன ஆர்டிகிட் தான். அது நிறுவப்படவே இல்லை. நிறுவியபின் எல்லாக் கோர்களும் ஓடும்போதும் இசை தடையின்றி வருகிறது. எச்டபிள்யூ_பேராம்ஸ் கோப்பில் 1200, 4800 ஆகிய எண்களையே கண்டேன். சஸ்பெண்ட் மாட்யூலை நீக்கியபின் மணியொலியும் முழுமையாகக் கேட்கிறது.

இறுதியாக ஒரு ஐயம். இசை ஒலிக்கும் நிரலைத் தனிப் பயனர் கணக்கில் ஓடவிட்டு, என் அன்றாட வேலைகளை வேறொரு கணக்கில் செய்ய எண்ணுகிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். டீமனைச் சிஸ்டம் நிலையில், அதாவது எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக ஓடவிடுவதுதான் வழியா?

கர்னல்வாசி

சிஸ்டம் நிலையை மேசைக் கணினிக்குப் பல்ஸ்ஆடியோவை உருவாக்கியவர்களே பரிந்துரைப்பதில்லை. அந்த நிலையில் டீமன் பல்ஸ் என்ற தனிப் பயனராக ஓடும், பல்ஸ்-ஆக்ஸஸ் குழுவில் உள்ள எவரும் அதோடு இணையலாம். இணைந்தவர் மற்றவரின் ஒலியையும் ஒலிவாங்கியையும் கேட்க முடியும். பகிர்வு நினைவகம் அணைக்கப்படுவதால் ஒவ்வொரு ஒலித் துணுக்கும் சாக்கெட் வழியாகப் படியெடுத்தே போக வேண்டும்.

உங்கள் தேவைக்கு எளிய வழி, உங்கள் அன்றாடக் கணக்கின் டீமனையே இரண்டாவது கணக்குக்கும் திறந்துவிடுவது. உங்கள் டிஃபால்ட்.பிஏ கோப்பில் மாட்யூல்-நேட்டிவ்-புரோட்டோகால்-யுனிக்ஸ் மாட்யூலை இன்னொரு முறை ஏற்றி, சாக்கெட் என்ற பண்பில் இரண்டு கணக்குகளும் எட்டக்கூடிய ஒரு பாதையையும், ஆத்-குரூப் என்ற பண்பில் இரண்டு கணக்குகளும் உறுப்பினராக உள்ள ஒரு குழுவையும் தாருங்கள். இரண்டாவது கணக்கின் கிளையண்ட்.கான்ஃபில் டிஃபால்ட்-சர்வர் என்பதற்கு அதே பாதையையும், ஆட்டோஸ்பான் என்பதற்கு நோ என்பதையும் எழுதுங்கள். பின்னது முக்கியம். இல்லாவிட்டால் உங்கள் டீமன் நின்றிருக்கும் நேரத்தில் அந்தக் கணக்கு தனக்கென ஒரு டீமனை எழுப்பிக்கொள்ள முயலும். டிசிபி வழியாக 4713 என்ற போர்ட்டிலும் இதைச் செய்யலாம். ஒரே கணினிக்குள் அதற்குத் தேவை இல்லை, பிணையத்துக்குத் தவறுதலாகத் திறந்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

இரண்டு கணக்குகளையும் ஆடியோ குழுவில் சேர்த்துவிட்டால் போதும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். வழக்கமாகத் திரைமுன் இருக்கும் பயனருக்கு மட்டும் ஒலிச் சாதனத்தின் உரிமை தானாக வழங்கப்படும், அவர் விலகும்போது திரும்பப் பெறப்படும், அவருடைய டீமனும் அதைக் கவனித்துச் சாதனத்தை விட்டுவிடும். ஆடியோ குழுவில் நிலையாக இருப்பவருக்கு அந்த உரிமை ஒருபோதும் போகாது. அவருடைய டீமன் அட்டையைப் பிடித்துக்கொண்டால் அடுத்தவருக்கு அது கிடைக்காது.

இந்த ஏற்பாட்டில் உள்ள குறை, நீங்கள் வெளியேறியதும் டீமன் நின்றுவிடும், இசையும் நின்றுவிடும் என்பதே. யாரும் உள்நுழையாத நேரத்திலும் இசை ஓட வேண்டும் என்றால் நிலைமை தலைகீழ். திரையற்ற கணினிக்கு உரிய சிஸ்டம் நிலையே அப்போது பொருத்தம். டீமன்.கான்ஃபில் எக்ஸிட்-ஐடில்-டைம் மதிப்பை -1 ஆக்கி, ஓடும் டீமனில் மாட்யூல் ஏற்றுவதற்கான அனுமதியை மறுத்து, பல்ஸ்-ஆக்ஸஸ் குழுவில் அந்த இரண்டு கணக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஷெட்=0, சஸ்பெண்ட் மாட்யூல் ஆகிய மாற்றங்களை அங்கே சிஸ்டம்.பிஏ கோப்பில் செய்ய வேண்டும், ஏனெனில் அந்த நிலையில் டிஃபால்ட்.பிஏ படிக்கப்படுவதில்லை.